கர்ப்ப காலத்தில் கொட்டை உணவும் குழந்தைகளின் ஒவ்வாமையும்

கர்ப்ப காலத்தில் கொட்டை உணவு உண்பதற்கும் பிறக்கும் குழந்தைக்கு உணவு ஒவ்வாமை ஏற்படுவதற்கும் உள்ள தொடர்பு, 1990களிலிருந்து மருத்துவ உலகில் ஆராயப்பட்டு வரும் ஒரு வினா ஆகும். நிலக்கடலை, பாதாம், முந்திரி, அக்ரூட் போன்றவற்றைத் தாய் உண்டால் அவற்றின் புரதங்கள் கருவைச் சென்றடைந்து குழந்தையை ஒவ்வாமைக்கு உட்படுத்தக்கூடும் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. இதன் அடிப்படையில் ஐக்கிய இராச்சியத்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் சில தாய்மார் நிலக்கடலையைத் தவிர்க்கலாம் என்ற அறிவுரை வழங்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் இக்கருத்தை உறுதி செய்யாததால் அவ்வறிவுரைகள் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டன.

தாய்க்கு ஒவ்வாமை இல்லாதவிடத்து, குழந்தையின் ஒவ்வாமையைத் தடுக்கும் நோக்கில் அவர் கொட்டைகளைத் தவிர்க்க வேண்டியதில்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. தாயின் உணவைக் காட்டிலும், பிறந்த பின்னர் குழந்தையின் தோலின் நிலையும், குழந்தை அவ்வுணவை எந்த வயதில் முதன்முதலாக உண்கிறது என்பதும் முக்கியமானவை என அறியப்பட்டுள்ளது.

நிலக்கடலையும் மரக்கொட்டைகளும்

நிலக்கடலை தாவரவியல் அடிப்படையில் கொட்டை அன்று. அது அவரை, பயறு ஆகியவை அடங்கிய இருபுற வெடிகனிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பருப்பு வகை ஆகும். தமிழில் இது வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்றும், இலங்கையில் கச்சான் என்றும் வழங்கப்படுகிறது. பாதாம், முந்திரி, பிஸ்தா, அக்ரூட் முதலியன மரங்களில் விளைவதால் மரக்கொட்டைகள் எனப்படுகின்றன.

ஒவ்வாமை பற்றிய நூல்களில் இவ்விரு வகைகளும் பெரும்பாலும் சேர்த்தே பேசப்படுகின்றன. இவற்றால் உண்டாகும் ஒவ்வாமை சில வேளைகளில் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு இட்டுச் செல்வதும், பால், முட்டை ஒவ்வாமைகளைப் போலன்றி வளர்ந்த பின்னரும் பெரும்பாலும் நீடிப்பதும் இதற்குக் காரணங்கள். ஆய்வுகளில் மிகுதியானவை நிலக்கடலை பற்றியவையே. எனவே இக்கட்டுரையிலும் நிலக்கடலையே முதன்மையாகக் கூறப்படுகிறது.

ஒவ்வாமை உருவாகும் முறை

உடலுக்குத் தீங்கு செய்யாத ஓர் உணவுப் புரதத்தை நோயெதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதி எதிர்வினை புரிவதே உணவு ஒவ்வாமை. இது இரண்டு கட்டங்களில் நிகழ்கிறது.

முதற்கட்டத்தில் உடல் அப்புரதத்தை எதிர்கொண்டு, அதற்கெனத் தனிப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பிறபொருளெதிரியை உருவாக்குகிறது. இது உணர்திறனாக்கம் எனப்படும். இக்கட்டத்தில் வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றாது. இரண்டாவது கட்டத்தில் அதே உணவு மீண்டும் உடலுக்குள் செல்லும்போது, அப்பிறபொருளெதிரி ஒட்டியுள்ள உயிரணுக்கள் இஸ்டமின் முதலிய வேதிப்பொருட்களை வெளியிடுகின்றன. இதனால் தோல் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றலாம். கடுமையான நிலையில் இரத்த அழுத்தம் வீழ்ச்சியடைந்து உயிராபத்து நேரிடலாம்.

இரத்தத்தில் இப்பிறபொருளெதிரி காணப்படும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒவ்வாமை இருப்பதில்லை. உணர்திறன் பெற்ற குழந்தைகளுள் பலர் அவ்வுணவை எந்தத் தீங்குமின்றி உண்கின்றனர். ஆகவே, மருத்துவர் மேற்பார்வையில் உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனையே ஒவ்வாமையை உறுதி செய்யும் வழியாகும். ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது அந்த ஆய்வு உணர்திறனை அளந்ததா அல்லது ஒவ்வாமையை அளந்ததா என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாய் உண்ட உணவின் புரதம் குழந்தையை எட்டுமா என்ற வினாவுக்குத் தாய்ப்பாலைப் பொறுத்தவரை தெளிவான விடை உண்டு. 2001 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பாலூட்டும் 23 பெண்களுக்கு 50 கிராம் நிலக்கடலை உண்ணக் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 11 பேரின் பாலில் நிலக்கடலைப் புரதம் கண்டறியப்பட்டது. ஆனால் புரதம் எட்டுவது வேறு, அதனால் ஒவ்வாமை உண்டாவது வேறு. ஒரு புரதத்தை எதிர்கொள்ளும் நோயெதிர்ப்பு மண்டலம் அதற்கு எதிராகத் திரும்பலாம். அல்லது அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகலாம். பின்னது சகிப்புத்தன்மை எனப்படுகிறது. 2009 ஆம் ஆண்டு வெளியான ஓர் எலி ஆய்வில், சினைக்காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் எலிகளுக்கு நிலக்கடலை கொடுத்தபோது குட்டிகளின் ஒவ்வாமை இடர் குறைந்தது. எனினும் எலிகளில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது.

தவிர்ப்பு அறிவுரையின் வரலாறு

1990களில் மேலை நாடுகளில் நிலக்கடலை ஒவ்வாமை பெருகுவதை மருத்துவர்கள் கவனித்தனர். இங்கிலாந்தின் வைட்டுத் தீவில் 1989 இல் பிறந்த குழந்தைகளையும் 1994–1996 காலத்தில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டபோது, நிலக்கடலைக்கு உணர்திறன் பெற்றோர் 1.1 விழுக்காட்டிலிருந்து 3.3 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். பல குழந்தைகளுக்கு நிலக்கடலையைத் தாங்கள் அறிந்து முதன்முறை உண்ட போதே எதிர்வினை தோன்றியது. அப்படியாயின் உணர்திறனாக்கம் அதற்கு முன்னரே நிகழ்ந்திருக்க வேண்டும். அது கருப்பையிலோ தாய்ப்பால் வழியாகவோ நிகழ்ந்திருக்கலாம் என்ற ஐயம் இவ்வாறே எழுந்தது.

1998 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சிய அரசின் நச்சுத்தன்மைக் குழு இது பற்றி அறிக்கை வெளியிட்டது. தாய், தந்தை அல்லது உடன்பிறந்த குழந்தைக்கு ஆஸ்துமா, எக்சிமா எனப்படும் தோலழற்சி, தும்மற்காய்ச்சல் போன்ற ஒவ்வாமை நோய் இருக்குமாயின், கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் நிலக்கடலையைத் தவிர்க்க விரும்பலாம் என்று அது கூறியது. அத்தகைய குடும்பக் குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. ஐக்கிய அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் இதையொத்த அறிவுரையை வழங்கியது. கர்ப்ப காலத்தில் பொதுவான உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை, நிலக்கடலை மட்டும் விதிவிலக்காகலாம் என்றும், இடர் மிகுந்த குழந்தைகளுக்கு நிலக்கடலை, மரக்கொட்டை, மீன் ஆகியவற்றை மூன்று வயது வரை தள்ளிப்போடலாம் என்றும் அது தெரிவித்தது.

இவ்வறிவுரைகள் நிறுவப்பட்ட சான்றின் மீது எழுந்தவை அல்ல. தவிர்ப்பதால் தீங்கு ஏதும் இராது என்ற முன்னெச்சரிக்கையே அவற்றின் அடிப்படை. மேலும், ஒவ்வாமைக் குடும்பங்களுக்கென்று கூறப்பட்ட அறிவுரை அவர்களோடு நிற்கவில்லை. வைட்டுத் தீவில் நடத்தப்பட்டு 2007 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள தாய்மார் மற்றவர்களை விட மிகுதியாகத் தம் உணவை மாற்றிக்கொள்ளவில்லை. முதற்குழந்தையைச் சுமந்த தாய்மாரே மிகுதியாக மாற்றிக்கொண்டனர்.

அறிவுரை திரும்பப் பெறப்படல்

அறிவுரை வெளியான பின்னரும் நிலக்கடலை ஒவ்வாமை குறையவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் நடந்த தொலைபேசிக் கணக்கெடுப்புகளின்படி, நிலக்கடலை ஒவ்வாமை இருப்பதாகத் தெரிவிக்கப்பட்ட குழந்தைகளின் அளவு 1997 இல் 0.4 விழுக்காடாகவும், 2002 இல் 0.8 விழுக்காடாகவும், 2008 இல் 1.4 விழுக்காடாகவும் இருந்தது. இவ்வுயர்வுக்கு அறிவுரையே காரணம் என்று இதனைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. உயர்வு அறிவுரைக்கு முன்னரே தொடங்கிவிட்டது. ஆயினும் தவிர்ப்பு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்பது தெளிவாயிற்று.

2007 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பிரபுக்கள் அவையின் அறிவியல், தொழில்நுட்பக் குழு, இவ்வறிவுரை பயனற்றது மட்டுமன்றி எதிர்விளைவையும் தரக்கூடும் எனக் கூறி, அதைத் திரும்பப் பெறுமாறு பரிந்துரைத்தது. 2008 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தன் முந்தைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. அதே ஆண்டில் நச்சுத்தன்மைக் குழுவும் சான்றுகளை மறுஆய்வு செய்தது. அதன் அடிப்படையில் 2009 இல் ஐக்கிய இராச்சியத்தின் அறிவுரை மாற்றப்பட்டது. தாய்க்கு நிலக்கடலை ஒவ்வாமை இல்லையெனில், குடும்பத்தில் ஒவ்வாமை இருப்பினும் இல்லாவிடினும், சமச்சீர் உணவின் பகுதியாக அவர் அதை உண்ணலாம் என்பது புதிய அறிவுரை.

கர்ப்ப கால உணவு பற்றிய ஆய்வுகள்

இத்துறையில் வெளியான முக்கிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முற்றிலும் உடன்படுவன அல்ல. அவற்றுள் சில பின்வருமாறு:

• 1999, தென்னாப்பிரிக்கா: கர்ப்ப காலத்தில் வாரம் ஒரு முறைக்கு மேல் நிலக்கடலை உண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் நிலக்கடலை உணர்திறன் மிகுதியாகக் காணப்பட்டது. இது மிகச் சிறிய ஆய்வு.

• 2003, இங்கிலாந்து: ஏவன் பகுதியில் 13,971 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், தாயின் கர்ப்ப கால உணவுக்கும் நிலக்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு காணப்படவில்லை. மாறாக, நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைக் குழந்தையின் அழற்சியுற்ற தோலில் பூசியதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு இருந்தது.

• 2010, ஐக்கிய அமெரிக்கா: பால் அல்லது முட்டை ஒவ்வாமை இருக்கக்கூடிய 503 கைக்குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் தாய் அடிக்கடி நிலக்கடலை உண்டிருந்தால் குழந்தையின் இரத்தத்தில் நிலக்கடலைக்கு எதிரான பிறபொருளெதிரி மிகுதியாக இருக்கும் வாய்ப்பு உயர்ந்திருந்தது. இங்கு அளக்கப்பட்டது உணர்திறனே அன்றி ஒவ்வாமை அன்று.

• 2013–2014, ஐக்கிய அமெரிக்கா: செவிலியர்களின் பிள்ளைகள் 8,205 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் 140 பேருக்கு நிலக்கடலை அல்லது மரக்கொட்டை ஒவ்வாமை இருந்தது. கொட்டை ஒவ்வாமை இல்லாத தாய்மாருள், வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ கொட்டை உண்டவர்களின் பிள்ளைகளுக்கு இடர் மிகக் குறைவாக இருந்தது. மாதம் ஒரு முறைக்கும் குறைவாக உண்டவர்களோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. கொட்டை ஒவ்வாமை உள்ள தாய்மாரிடம் இத்தகைய பயன் காணப்படவில்லை.

• 2014, ஐக்கிய அமெரிக்கா: மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1,277 தாய்–சேய் இணைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மிகுதியாக நிலக்கடலை உண்பதற்கும் குழந்தையின் நிலக்கடலை ஒவ்வாமை வாய்ப்பு குறைவதற்கும் தொடர்பு காணப்பட்டது.

முடிவுகள் வேறுபடுவதன் காரணங்கள்

மேற்கண்டவை அனைத்தும் நோக்காய்வுகள் ஆகும். அவற்றில் தாய்மார் தம் விருப்பப்படி உண்டனர். ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். இத்தகைய ஆய்வுகள் இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதைக் காட்டும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதை அவை மட்டும் நிறுவ மாட்டா.

நினைவுப் பிழை ஒரு சிக்கல். குழந்தைக்கு நிலக்கடலை ஒவ்வாமை எனத் தெரிந்த பின்னர் கேட்கப்படும் தாய், தான் உண்ட நிலக்கடலையை மற்றவரை விடக் கூர்ந்து நினைவுகூரக்கூடும். ஒவ்வாமைக் குடும்பத்தைச் சேர்ந்த தாய் அச்சத்தால் கொட்டையைத் தவிர்ப்பது மற்றொரு சிக்கல். அவரது குழந்தைக்குப் பின்னர் ஒவ்வாமை வந்தால், தவிர்த்ததே காரணம் போலத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் குடும்ப மரபே காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது சிக்கலை 2009 ஆம் ஆண்டு ஐக்கிய இராச்சியத்தில் வெளியான ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. தாய் நிலக்கடலை உண்ணும் வீட்டில் பிறரும் அதை உண்பது வழக்கம். வீட்டிலுள்ள அனைவரும் உண்ட மொத்த அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது, தாயின் கர்ப்ப கால உணவுக்குத் தனித்த விளைவு எதுவும் எஞ்சவில்லை. ஒவ்வாமை பெற்ற குழந்தைகளின் வீடுகளில் மொத்த நுகர்வே மிகுதியாக இருந்தது. அதாவது, குழந்தை பிறந்த பின்னர் வீட்டுச் சூழலில் பரவியிருந்த நிலக்கடலையே ஐயத்துக்கு உரியதாயிற்று.

தோல் வழியும் வாய் வழியும்

இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த கிடியன் லாக் 2008 ஆம் ஆண்டில் இருவழி வெளிப்பாட்டுக் கருதுகோளை விரிவாக முன்வைத்தார். அதன்படி, உணவுப் புரதம் அழற்சியுற்ற தோல் வழியாக உடலுக்குள் நுழையுமானால் ஒவ்வாமை உருவாகிறது. அதே புரதம் உரிய வயதில் வாய் வழியாகக் குடலை அடையுமானால் சகிப்புத்தன்மை உருவாகிறது.

தோலின் மேற்படலத்தைக் காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்துக்கான மரபணுவில் பிழை உள்ளோர்க்கு எக்சிமா மிகுதியாக வருவது 2006 இலும், நிலக்கடலை ஒவ்வாமை மிகுதியாக வருவது 2011 இலும் அறியப்பட்டன. வீட்டுத் தூசியில் நிலக்கடலைப் புரதம் தங்கியிருப்பதும் கண்டறியப்பட்டது. முதன்முறை உண்டபோதே எதிர்வினை தோன்றுவது எவ்வாறு என்ற பழைய புதிருக்கு, கருப்பையை நாடாமலே இவை விளக்கம் தந்தன.

இக்கருதுகோளின் மற்றைய பகுதிக்கு ஓர் ஒப்பீடு வலுச் சேர்த்தது. 2008 இல் வெளியான ஆய்வின்படி, ஐக்கிய இராச்சியத்தில் வாழும் யூதக் குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை 1.85 விழுக்காடாகவும், இசுரேலில் வாழும் யூதக் குழந்தைகளிடம் 0.17 விழுக்காடாகவும் இருந்தது. இசுரேலில் கைக்குழந்தைகள் 'பம்பா' எனப்படும் நிலக்கடலைப் பொரியை இளமையிலேயே உண்கின்றனர்.

இதைச் சோதிக்க நடத்தப்பட்ட லீப் ஆய்வின் முடிவுகள் 2015 இல் வெளியாயின. கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ கொண்ட, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் ஐந்து வயது வரை நிலக்கடலையை உண்டனர், மற்றவர்கள் தவிர்த்தனர். ஐந்து வயதில் தவிர்த்தவர்களுள் 17.2 விழுக்காட்டினருக்கும், உண்டவர்களுள் 3.2 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை இருந்தது. இப்பிள்ளைகளைப் பதின்ம வயது வரை தொடர்ந்த ஆய்வு 2024 இல் வெளியானது. அப்போதும் முறையே 15.4, 4.4 விழுக்காடு என்ற வேறுபாடு நீடித்தது.

தாயின் உணவும் குழந்தையின் உணவும் இணைந்து செயற்படக்கூடும் எனக் கனடாவில் 2018 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. பாலூட்டும் காலத்தில் தாய் நிலக்கடலை உண்டு, குழந்தைக்கும் ஓராண்டுக்குள் அதைக் கொடுத்தவிடத்து உணர்திறன் 1.7 விழுக்காடாக இருந்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்களின் குழந்தைகளிடம் அது 15 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது.

தவிர்ப்பதால் ஏற்படும் இழப்புகள்

100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. கருவின் நரம்புக்குழாய் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட்டும் அதில் உண்டு. இறைச்சி உண்ணாதோர்க்கும், விலையுயர்ந்த புரத உணவுகளை வாங்க இயலாதோர்க்கும் இது எளிதில் கிடைக்கும் சத்துணவு ஆகும்.

ஒவ்வாமையைத் தடுக்கும் நோக்கில் தாய்மார் உணவுகளைத் தவிர்ப்பது பற்றிய பரிசோதனைகளை 2012 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு தொகுத்தது. தவிர்ப்பதால் பயன் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கர்ப்ப கால எடை அதிகரிப்பு குறைவதோடு, குறைமாதப் பிறப்புக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் வாய்ப்பு இருக்கலாம் என்றும் அது சுட்டியது. அம்மீளாய்வில் இடம்பெற்ற பரிசோதனைகள் பால், முட்டை முதலிய உணவுகளையும் சேர்த்துத் தவிர்த்தவை.

மன அளவிலான இழப்பும் உண்டு. குழந்தைக்கு ஒவ்வாமை வந்தபோது, கர்ப்ப காலத்தில் தாம் உண்டதே காரணம் எனத் தாய்மார் தம்மைக் குறைகூறிக்கொள்ள அக்கால அறிவுரை இடமளித்தது. இன்றுள்ள சான்றுகள் அத்தகைய குற்றவுணர்வுக்கு அடிப்படை தரவில்லை.

தற்போதைய பரிந்துரைகள்

• ஒவ்வாமை இல்லாத தாய் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் கொட்டைகளை வழக்கம் போல் உண்ணலாம். உணவு ஒவ்வாமையைத் தடுப்பதற்காகத் தாய்மாரின் உணவைக் கட்டுப்படுத்த வேண்டாம் என ஐரோப்பிய ஒவ்வாமை, மருத்துவ நோயெதிர்ப்பியல் கழகத்தின் வழிகாட்டலும் கூறுகிறது.

• தாய்க்கே கொட்டை ஒவ்வாமை இருப்பின் அவர் அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் ஏற்படும் கடும் எதிர்வினை தாய், கரு ஆகிய இருவரின் உயிருக்கும் ஆபத்தாகலாம்.

• ஒவ்வாமையைத் தடுக்கும் மருந்து போலக் கருதி மிகுதியாக உண்ணவும் தேவையில்லை. அதற்கான உறுதியான சான்று இல்லை.

• பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். அதைக் கர்ப்பிணிகள் உள்ளிட்ட அனைவரும் தவிர்க்க வேண்டும்.

• குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாத வயதில் பிற திட உணவுகளோடு நிலக்கடலையையும் கூழாகவோ அரைத்தோ கொடுக்கத் தொடங்கலாம். கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகளுக்கு, மருத்துவரைக் கலந்து 4 முதல் 6 மாத வயதில் தொடங்கலாம் என 2017 ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல் கூறுகிறது.

• முழுக் கொட்டைகளை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது. அவை தொண்டையில் சிக்கி மூச்சடைப்பை உண்டாக்கலாம்.

விடை காணப்படாத வினாக்கள்

குழந்தைக்கு இளமையில் நிலக்கடலை கொடுக்கும் புதிய வழிகாட்டலின் பயன் எல்லா நாடுகளிலும் ஒரே அளவாக இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் சிறு குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை கண்டறியப்படுவது 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக 2025 இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ஆத்திரேலியாவின் மெல்பேர்ணில் ஒரு வயதுக் குழந்தைகளிடம் அது 3.1 விழுக்காட்டிலிருந்து 2.6 விழுக்காடாகவே குறைந்தது என 2022 இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானது அன்று.

கர்ப்ப கால உணவைப் பொறுத்தவரை நோக்காய்வுகளால் தீர்க்க இயலாத ஐயத்தைச் சீரற்ற பங்கீட்டுப் பரிசோதனையே தீர்க்க முடியும். அத்தகைய பரிசோதனை ஒன்று ஆத்திரேலியாவில் தொடங்கப்பட்டது. கர்ப்பத்தின் இடைக்காலம் முதல் குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும் வரை, ஒரு பிரிவுத் தாய்மார் வாரந்தோறும் குறைந்தது ஆறு முட்டைகளும் 60 கிராம் நிலக்கடலையும் உண்பதும், மறு பிரிவினர் குறைவாக உண்பதும், பின்னர் குழந்தைகளின் ஒவ்வாமையை ஒப்பிடுவதும் இதன் திட்டம் ஆகும். தவிர்ப்பது பயன் தராது என்பது ஏற்கப்பட்டுவிட்ட நிலையில், தாய் உண்பது குழந்தையைக் காக்கிறதா என்பதே இப்பரிசோதனை ஆராயும் வினா.

இவற்றையும் பார்க்கவும்

• ஒவ்வாமை
• நிலக்கடலை
• தாய்ப்பாலூட்டல்
• எக்சிமா
• நோயெதிர்ப்பு மண்டலம்